சிலியில் தந்தை செய்ததும் மகனால் முடியாததும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தென் அமெரிக்க விடுதலை குறித்துத் தங்கள் இதழில் வரும் தொடரை விடாமல் படித்துவருகிறேன். சென்ற இதழில் வந்த சிலி பற்றிய பகுதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்பானிய ஆளுநர்கள் அனைவரையும் கொள்ளைக்காரர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அவர்களுக்குப் பின் வந்த தலைவர்கள் நிலத்தையும் உரிமையையும் மக்களுக்கு மீட்டுத் தந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சிலியின் வரலாறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. மன்னரின் ஆளுநராக அந்நாட்டை ஆண்ட அம்ப்ரோசியோ ஓஹிக்கின்ஸும், விடுதலைக்குப் பின் அதை ஆண்ட பெர்னார்தோ ஓஹிக்கின்ஸும் தந்தையும் மகனும். கட்டுரையில் மகனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தந்தையின் பெயரே இல்லை.

அம்ப்ரோசியோ அயர்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து சிலிக்கு வந்து, தெற்கு எல்லைப் படையில் படிப்படியாக உயர்ந்தார். 1788-இல் ஆளுநரானபோது எழுபதை நெருங்கிய வயது. அந்த வயதிலும் சான்டியாகோ மாளிகையில் உட்காராமல் வறண்ட வடக்குப் பகுதியைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அங்கே என்கோமியெந்தா முறையில் சிக்கியிருந்த பழங்குடியினரைக் கண்டார். ஊர் ஊராகப் பழங்குடியினரை ஒரு நிலக்காரரின் பொறுப்பில் ஒப்படைத்து, அவர்கள் செலுத்தவேண்டிய வரிக்கு ஈடாக உழைப்பைக் கறந்துகொள்ள விடும் ஏற்பாடு அது. 1789 பிப்ரவரியில் லா செரெனா நகரிலிருந்து ஆணை பிறப்பித்து அம்முறையை அவர் ஒழித்தார். நிலக்காரர்கள் கொதித்தார்கள், முறையிட்டார்கள். அவர் மசியவில்லை. 1791-இல் மன்னரும் ஆணையை உறுதிசெய்தார். அந்த முறை அப்போதே தேய்ந்துபோயிருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் மிச்சமிருந்ததை வேரோடு பிடுங்கியவர் ஒரு ஸ்பானிய ஆளுநர் என்பதைச் சொல்லாமல் சிலியின் கதையை எழுத முடியாது.

அவர் உத்தமர் என்று வாதாட நான் வரவில்லை. பழங்குடியினர் நிலக்காரருக்கு உழைப்பதைவிட மன்னருக்கு நேரடியாக வரி கட்டுவது பேரரசுக்கு நல்லது என்ற கணக்கும் அந்த ஆணையில் இருந்தது. இசபெல் ரிக்கெல்மே என்ற இளம்பெண்ணுக்குத் தமக்குப் பிறந்த மகன் பெர்னார்தோவை ஊரறிய வளர்க்காமல் பிறர் வீட்டில் விட்டுவைத்தவரும் அவர்தான். நான் சொல்வது வேறு. அவருடைய பதவி மாட்ரிட்டிலிருந்து வந்தது. சான்டியாகோவின் பெருநிலக் குடும்பங்கள் கொடுத்ததல்ல. அதனால்தான் அந்தக் குடும்பங்களை அவரால் பகைத்துக்கொள்ள முடிந்தது. பகைத்துக்கொண்ட பின்னும் 1796-இல் பெருவின் வைஸ்ராயாக லிமாவுக்குப் போக முடிந்தது.

இனி 1810-க்கு வருவோம். அவ்வாண்டு செப்டம்பர் 18-ஐ விடுதலைப் பிரகடன நாள் என்று கட்டுரை குறிப்பிடுகிறது. இது பிழை. அன்று சான்டியாகோ வணிக மன்றத்தின் கூடத்தில் கூடியவர்கள் அழைப்புச் சீட்டுப் பெற்ற நானூற்றுச் சொச்சம் பிரமுகர்கள். நெப்போலியனிடம் சிறைப்பட்டிருந்த மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோவின் பெயரால்தான் அவர்கள் ஆட்சிக்குழு அமைத்தார்கள். அதன் தலைவரானவர் மத்தேயோ தெ தோரோ சம்பிரானோ. எண்பதைக் கடந்த இந்த முதியவர்தான் அன்று காலைவரை மன்னரின் ஆளுநர். இயேசு சபையினரிடமிருந்து அரசு பறித்த பண்ணைகளில் மிகப் பெரிய ஒன்றை விலைக்கு வாங்கியவர், பிரபுப் பட்டம் பெற்றவர். ஆளுநர் ஆட்சியிலிருந்து புதிய ஆட்சிக்கு மாறிய அந்த நாளில் யார் கையிலிருந்த கோல் யார் கைக்குப் போனது என்று கட்டுரையாளர் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். சிலியின் விடுதலை முறைப்படி அறிவிக்கப்பட்டது 1818 பிப்ரவரி 12-இல்.

அதை அறிவித்த பெர்னார்தோவின் வீரத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 1814-இல் ரான்காகுவா நகரில் மன்னரின் படை போட்ட முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறியவர். 1817-இல் அர்ஜென்டினாவின் விடுதலைத் தளபதி சான் மார்ட்டினோடு ஆந்தெஸ் மலையைக் கடந்து வந்து சாகபுகோவில் வென்றவர். உச்ச இயக்குநர் என்ற ஆட்சித் தலைமைப் பதவியேற்ற கையோடு பிரபுப் பட்டங்களை ஒழித்தார். வீட்டு வாசல்களில் செதுக்கியிருந்த குடும்பச் சின்னங்களை அகற்றச் சொன்னார். பெருநிலக் குடும்பத்தார் அதுவரை பொறுத்துக்கொண்டார்கள். 1818-இல் அவர் மயொராஸ்கோ மீது கை வைத்தார். பண்ணையை விற்கவோ பங்குபோடவோ முடியாமல் தலைமுறை தலைமுறையாக ஒரே வாரிசிடம் கட்டிவைக்கும் சொத்துரிமை அது, பெருங்குடும்பங்களின் உயிர்நாடி. அதை ஒழிக்கும் ஆணை எதிர்ப்பில் சிக்கிக் கிடப்பில் போடப்பட்டது. தந்தையின் ஆணையைத் தாங்கிப்பிடிக்கக் கடலுக்கு அப்பால் ஒரு மன்னர் இருந்தார். மகனுக்கு அப்படி யாருமில்லை. படைக்குப் பணமும் குதிரையும் தானியமும் தரவேண்டியவர்கள் அதே நிலக்காரர்கள்தான்.

அவர் வீழ்ந்ததற்கு அவருடைய தவறுகளும் காரணம். விடுதலை அணியிலேயே அவருக்குப் போட்டியாக நின்ற கரேரா சகோதரர்களின் மரணமும், அவர்களோடு நெருங்கியிருந்த விடுதலை வீரர் மனுவேல் ரோத்ரிகஸின் கொலையும் அவர் ஆட்சிமீது படிந்த கறைகள். 1822-இல் தம் பதவிக்காலத்தை நீட்டிக்கும் அரசியலமைப்பை அவர் கொண்டுவந்தது பொறுமையிழந்திருந்தவர்களைத் துணிய வைத்தது. 1823 ஜனவரி 28 அன்று அதே வணிக மன்றக் கூடத்தில் பிரமுகர்கள் கூடி அவரை அழைத்தார்கள். அவர் பதவிப் பட்டையைக் கழற்றிவைத்துவிட்டு வெளியேறினார். பெருவுக்குப் போனவர் 1842-இல் இறக்கும்வரை தாய்நாட்டை மறுபடி பார்க்கவில்லை. மயொராஸ்கோவோ 1828 அரசியலமைப்பில் ஒழிக்கப்பட்டு, 1833 அரசியலமைப்பில் உயிர்பெற்று, 1850-களில்தான் ஓய்ந்தது.

சிலியின் தெற்கே வாழும் பழங்குடியினரான மபூச்சே மக்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1793-இல் அம்ப்ரோசியோ நெக்ரெத்தே என்ற இடத்தில் அவர்களுடைய தலைவர்களோடு உட்கார்ந்து உடன்படிக்கை பேசினார். பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் தனி மக்கள் என்பது இத்தகைய உடன்படிக்கைகளின் அடிப்படை. சிறுவயதில் சியான் நகரப் பள்ளியில் மபூச்சே தலைவர்களின் பிள்ளைகளோடு படித்த பெர்னார்தோ, 1819-இல் பழங்குடியினர் அனைவரும் சமஉரிமை பெற்ற சிலிக் குடிமக்கள் என்று ஆணையிட்டார். மனதார இட்ட ஆணை என்றே நம்புகிறேன். ஆனால் மபூச்சே தலைவர்களில் பலர் மன்னரின் பக்கம் நின்று குடியரசை எதிர்த்தார்கள். அவர்களிடம் எல்லையை ஒப்புக்கொண்டு பேசியது மன்னரின் அரசு. குடியரசு அந்த எல்லையை மதிக்காது என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய்க்கவில்லை. 1860-களில் சிலி ராணுவம் ஆற்றைத் தாண்டியது. 1883-க்குள் அவர்கள் நிலம் முழுவதும் பிடிபட்டது. ஸ்பானியர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில் முடிக்காததைக் குடியரசு இருபது ஆண்டுகளில் முடித்தது.

தொடரின் அடுத்த பகுதி மத்திய அமெரிக்கா என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே கபினோ கயின்சாவை விட்டுவிட வேண்டாம். 1814-இல் சிலியின் லிர்காய் ஆற்றங்கரையில் பெர்னார்தோவோடு ஒப்பந்தம் செய்து, அதற்காக லிமாவில் விசாரணைக்கு ஆளான ஸ்பானியத் தளபதி அவர். 1821-இல் குவாத்தமாலாவில் மன்னரின் தலைமை அதிகாரியாக இருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று அங்கே விடுதலை அறிவிக்கப்பட்டபோது, ஆட்சித் தலைமையில் அவரே நீடித்தார். மக்கள் தாங்களாகவே விடுதலையை அறிவித்துவிட்டால் விளையக்கூடிய அபாயத்தைத் தவிர்ப்பதற்காக அதை முன்கூட்டி அறிவிப்பதாக அந்த ஆவணத்தின் முதல் பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவை முழுமையாகத் தமிழாக்கம் செய்து கட்டுரையோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி