ஆறாம் நம்பர் ஜெர்சி

பாப்பாவுக்கு,

ஸ்கோர் உனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிஞ்சிருக்கும். உங்க குரூப்ல போட்டோவா போட்டுத் தள்ளியிருப்பாங்க. பொண்ணுங்க கேலிக் ஃபுட்பால்ல நம்ம கிளப்தான் கவுண்டி ஜூனியர் ஏ சாம்பியன், 2-9க்கு 1-11. பெரியம்மாவுக்கு போன்ல சொன்னா, "பதினொண்ணு எடுத்தவங்க எப்படிடி தோப்பாங்க?"ன்னு கேக்கறாங்க. கோலுக்கு மூணு, குறுக்குக் கம்பிக்கு மேலே போனா ஒண்ணு, கூட்டினா 15க்கு 14னு கணக்குப் போட்டுக் காட்டினேன். "ஒரே ஒரு பாயிண்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"னாங்க. அவங்க அயர்லாந்துக்கு, இந்தக் கார்க் பக்கம் வந்ததே இல்லையே.

மேனேஜர் உனக்கு மெசேஜ் போட்ட விஷயத்தை அப்பா சொன்னார். நவம்பர்ல மன்ஸ்டர் மாகாண கிளப் சாம்பியன்ஷிப், ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருந்து வந்து ஆட முடியுமான்னு கேட்டிருக்காராம். நீ லீவு கேக்கலாமான்னு யோசிக்கறியாம். "உன் இஷ்டம்"னு அப்பா வழக்கம்போல கழண்டுக்கிட்டார். எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, அதைச் சொல்லிடறேன்.

உன் ஆறாம் நம்பர் ஜெர்சியை இப்ப போடறது யார் தெரியுமா? பால்பண்ணைக்காரரோட சின்னப் பொண்ணு. சம்மர் கேம்ப்ல நீ லேஸ் கட்டிவிட்ட பொடிசு. பதினேழு வயசாச்சு. செகண்ட் ஹாஃப்ல நம்ம மிட்ஃபீல்டு பொண்ணுக்கு யெல்லோ கார்டு கிடைச்சு பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டியதாப் போச்சு. பதினாலு பேரோட தடுமாறிக்கிட்டு இருக்கறப்ப அவங்க ஃபார்வர்டு, நல்ல வாட்டசாட்டமான பொண்ணு, நேரா கோலைப் பார்த்து ஓடி வந்தா. நம்ம ஆறாம் நம்பர் அவ மேலே போய் விழவே இல்லை. தோளால இடிச்சா எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் போயிடும்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டே பின்னாடி போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. அந்தப் பொண்ணு பந்தை ஒரு தடவை தரையில தட்டினா பாரு, அது கைக்குத் திரும்பறதுக்குள்ள நம்ம பொண்ணு விரிச்ச உள்ளங்கையால ஒரே அடி. குனிஞ்சு தரையில இருந்து அள்ளி எடுத்துக்கிட்டு ஓடிட்டா. எனக்குப் பக்கத்துல நின்ன தபால்காரர், "உங்க மக ஆடற மாதிரியே இருக்கு"ன்னார். ஆமாம்னு சொன்னேன். உண்மையில உன்னைவிடப் பொறுமை ஜாஸ்தி. நீ முதல் அடியிலயே பாய்ஞ்சுடுவே.

அந்தப் பொண்ணும் மத்த பொண்ணுங்களும் பிப்ரவரியில இருந்து மழையில நனைஞ்சு பிராக்டிஸ் பண்ணியிருக்காங்க. அதுவும் எங்கே? லைட் போட்ட மைதானம் ஆம்பளைங்க டீமுக்கு வேணும்னா, இவங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பிடறது. ஆம்பளைங்க ஆட்டத்தை நடத்தற ஜி.ஏ.ஏ., பெண்கள் ஃபுட்பால் சங்கம், பொண்ணுங்க மட்டை வச்சு ஆடற கமோகியோட சங்கம் மூணையும் 2027க்குள்ள ஒண்ணா இணைக்கறதுன்னு சொன்னாங்க, அயர்லாந்தோட முன்னாள் ஜனாதிபதி மேரி மெக்கலீஸ் தலைமையில கமிட்டியெல்லாம் போட்டாங்க. நடந்தா சந்தோஷம். தர்லஸ் ஊர் ஹோட்டல்ல பெண்கள் சங்கம் ஆரம்பிச்சது 1974ல. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மைதானச் சாவிக்கு இன்னொருத்தரைக் கேட்டு நிக்க வேண்டியிருக்கு. சரி, அதை விடு.

இப்ப நீ வந்து இறங்கினா மேனேஜர் உன்னை பெஞ்சுல உட்கார வைப்பாரா? மாட்டார். அந்தப் பொண்ணுதான் உட்காருவா. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ அம்மாவும் சொல்ல மாட்டாங்க, கடையில பார்த்தா சிரிப்பாங்க. அதான் எனக்குப் பிடிக்கலை.

ஊரை விட்டுட்டுப் போயிட்டோமேன்னு உனக்கு உறுத்துதுன்னு தெரியும். கோரா ஸ்டான்டன் மேயோ கவுண்டி டீமையும் கார்னகன் கிளப்பையும் எத்தனை வருஷம் தோள்ல சுமந்தவங்க, அவங்களே முப்பத்தாறு வயசுக்கு சிட்னிக்குப் போய் அந்த ஊர் ஃபுட்பால், ஆஸ்திரேலியன் ரூல்ஸ், ஆடலையா? இப்ப அந்த லீக்ல முப்பதுக்கும் மேல அயர்லாந்துப் பொண்ணுங்க இருக்காங்க. அங்கே சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது, கிளப் சாம்பியன்ஷிப் நடக்கற அதே சமயம். அதுக்காக இங்கே யாரும் அவங்களைத் திட்டலை. பையன் பொண்ணு யாராவது ஆஸ்திரேலியாவுல இல்லாத வீடு இந்தப் பக்கம் எத்தனை இருக்கு?

கிளப் நின்னுடும்னும் பயப்படாதே. மாலோ பக்கத்துல இருக்கற மோர்ன்அபியைப் பாரு. எவ்வளவு சின்ன ஊர்! 2014, 2015, 2017னு மூணு ஆல்-அயர்லாந்து கிளப் ஃபைனல்ல தோத்துட்டு, 2018லயும் 2019லயும் ஜெயிச்சாங்க. நம்ம கிளப் அடுத்த வருஷம் ஒரு படி மேலே, இன்டர்மீடியட்ல ஆடப் போகுது. அங்கே அடி வாங்குவாங்க, வாங்கட்டும்.

எங்களைப் பார்க்கணும்னு தோணினா தாராளமா வா, டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் நான் தரேன். ஆனா பூட்ஸை அங்கேயே வச்சுட்டு வா. மேட்ச் அன்னிக்கு என்கூட டீ கவுன்டர்ல நில்லு, சாண்ட்விச் வெட்ட ஆள் பத்தலை. மேனேஜருக்கு நீயே பதில் போட்டுடு, அப்பாவைச் சொல்லச் சொல்லாதே.

கிளப் லாட்டோவுக்கு உன் பேர்ல வாரம் 2 யூரோ கட்டிக்கிட்டுதான் இருக்கேன். ஜாக்பாட் விழுந்தா பாதி எனக்கு.

அம்மா