தொடர் விமர்சனத்துக்கு ஏன் இத்தனை அவசரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சினிமா பக்கத்தில் ஓடிடி தொடர்களுக்கு, முதல் இரண்டு மூன்று எபிசோடுகளை மட்டும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதி, மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறார்கள். இது முறையல்ல என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாகவே உண்டு. சென்ற மழைக்காலத்தில், கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டோடு முடங்கிக் கிடந்த நாட்களில், கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' தொடரின் முதல் சீசனை இரண்டாம் முறையாகப் பார்த்த பிறகு அந்த எண்ணம் உறுதிப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரின் முதல் சீசனில் 22 எபிசோடுகள் உள்ளன. 2012இல் வெளியான 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் வில்லன் லோகியின் கையால் மாண்ட, 'ஷீல்டு' என்னும் உளவு அமைப்பின் அதிகாரி பில் கோல்சன், எப்படியோ உயிரோடு வந்து, ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு விமானத்திலேயே குடியிருந்து துப்புத் துலக்குகிறார். வாரம் ஒரு விசித்திரப் பொருள், வாரம் ஒரு வில்லன் என்று கதை நகர்ந்ததால், முதல் முறை பார்த்தபோது எனக்கும் அலுப்புத் தட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்த மந்தகதிக்கு ஒரு காரணம் இருந்தது. இத்தொடரும் மார்வெல் படங்களும் ஒரே கதையுலகைச் சேர்ந்தவை. ஷீல்டு அமைப்புக்குள்ளேயே ஹைட்ரா என்னும் பகைக்கூட்டம் புகுந்திருக்கிறது என்ற ரகசியத்தை, 2014 ஏப்ரல் 4 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' படம்தான் முதலில் உடைக்க வேண்டியிருந்தது, அதுவரை தொடர் வாயைத் திறக்க வழியில்லை. படம் வந்து நான்கே நாட்களில் ஒளிபரப்பான 17ஆவது எபிசோடில், குழுவில் ஒருவனான கிராண்ட் வார்டே ஹைட்ராவின் ஆள் என்று தெரியவருகிறது. (பத்தாண்டுகள் கடந்துவிட்டதால் கதையைச் சொல்வதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.)

இதைத் தெரிந்துகொண்டு மீண்டும் பார்க்கும்போது, முதலில் சப்பென்று இருந்த காட்சிகளே மனத்தை உறுத்துகின்றன. முதல் எபிசோடில், உண்மையைக் கக்கவைக்கும் மருந்து என்று சொல்லி, விசாரிக்கப்படும் பெண்ணுக்குப் போடாமல் வார்டுக்கே ஊசி போடுகிறார் கோல்சன். அன்று சிரித்தேன், இம்முறை சிரிப்பு வரவில்லை. ஆறாவது எபிசோடில், நோய் தொற்றியதால் விமானத்திலிருந்து குதித்துவிடும் குழுவின் பெண் விஞ்ஞானி சிம்மன்ஸைக் காப்பாற்றத் தானும் பின்னாலேயே குதிப்பவன் வார்டுதான். அதே வார்டு, சீசன் முடியும் தறுவாயில், தன் தலைவன் காரெட்டின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவளையும் சக விஞ்ஞானி ஃபிட்ஸையும் அதே விமானத்திலிருந்து கடலில் தள்ளிவிடுகிறான். பதினேழாவது எபிசோடு வரை மகளிடம் இந்த ரகசியத்தைச் சொல்லாமல் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் வெளிப்பட்டதும், ஆறாவது எபிசோடைத் திரும்பப் போடச் சொல்லி, அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். உடனிருந்தே குழிபறிப்பவனைப் பற்றிய கதையில், அவன் நம்மோடும் சில காலம் உடனிருந்தாக வேண்டும் அல்லவா?

மூன்று எபிசோடுகளோடு எழுதப்படும் விமர்சனத்துக்கு இவற்றில் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. பார்வையாளர் பதினாறு எபிசோடுகள் பொறுமை காக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பிடிக்காவிட்டால் நிறுத்திவிட அவருக்கு முழு உரிமை உண்டு. எத்தனையோ தொடர்கள் கடைசி வரையில் தேறுவதும் இல்லை. ஆனால் மதிப்பெண் போடுபவரின் நிலை வேறு. ஆகவே, தொடக்க எபிசோடுகளைப் பற்றி எழுதும்போது 'முதல் பார்வை' என்று குறிப்பிட்டு, எத்தனை எபிசோடுகள் பார்க்கப்பட்டன என்பதையும் அச்சிட்டு, மதிப்பெண்ணைச் சீசன் முடிந்த பின் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.