மதுரை விமான நிலையத்தின் முதல் ஓடுதளம் யார் நிலத்தில் அமைந்தது? அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை விமான நிலைய இயக்குநர் அவர்களுக்கும் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

ஓடுதள விரிவாக்கத்துக்கான நில எடுப்பு குறித்துப் பேச்சு எழுந்துள்ள இந்தக் காலத்தில், இந்நிலையத்தின் முதல் ஓடுதளம் எந்தெந்தப் புல எண்களில், யார் யாருடைய நிலத்தில் அமைந்தது என்பதை அரசு ஆவணங்களிலிருந்து தொகுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1942இல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் என்ற ஒற்றை வரியோடு நம் நிலையத்தின் தொடக்க வரலாற்றை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானிடம் வீழ்ந்தன. ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அதுவரை போர்முனைக்கு வெகு தொலைவில் இருந்த தென்மாவட்டங்கள், இலங்கைக்கு எதிர்க்கரையில் இருப்பதாலேயே படைத்தலைமையின் கணக்குக்குள் வந்தன. கயத்தாறிலும் செட்டிநாட்டிலும் போர்க்காலத்தில் போடப்பட்ட ஓடுதளங்கள் பயணிகள் சேவைக்கு வராமல் வெயிலில் கிடக்க, மதுரை மட்டும் தப்பித்து நகரத்தின் விமான நிலையமானது. 2012 செப்டம்பரில் இங்கிருந்து தொடங்கிய முதல் பன்னாட்டுச் சேவையும் அதே கொழும்புக்குத்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவற்றையெல்லாம் ஏதாவதொரு நூலகத்தில் தேடி எடுத்துவிடலாம். தேடினாலும் எளிதில் கிடைக்காதது நிலத்தின் கதைதான். தரையிறங்கும் விமானத்தின் ஜன்னல் வழியே பார்த்தால் திருப்பரங்குன்றத்து மலையும், அடுத்தடுத்துக் கண்மாய்களும், அவற்றின் கரையை ஒட்டிப் பனை வரிசைகளும் தெரியும். கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த இந்த நாட்டுப்புறத்தில் நீளவாக்கில் ஒரு தளம் போட வேண்டுமென்றால், வரத்துக்கால்வாய்களும் வண்டிப்பாதைகளும் புன்செய்க் காடுகளும் குறுக்கே வராமல் இருக்க முடியாது. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்படி நிலத்தை உடனே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அன்றைய அரசுக்கு இருந்தது. அப்படி எடுத்தபோது இழப்பீடாக என்ன கொடுக்கப்பட்டது, எந்தக் கால்வாய் திருப்பிவிடப்பட்டது என்பனவற்றுக்கு விடை எந்தப் புலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறையின் பழைய அ-பதிவேடுகளிலும் புலப்படங்களிலும், இழப்பீட்டைத் தீர்மானித்த அவார்டு எனப்படும் ஆணைகளிலும்தான் இருக்க வேண்டும். துணியில் கட்டி அடுக்கப்பட்ட, ஓரம் பொடிந்து உதிரும் தாள்கள் அவை. இனியும் தாமதித்தால் படிக்க மிஞ்சாது. 1942இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர் என்பதால், நிலையத்தை ஒட்டிய பெருங்குடி, அய்யன்பாப்பாக்குடி வட்டாரத்து முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்வதும் அவசரமான வேலை.

இது பழம்பெருமை பேசும் ஆசையால் எழுந்த கோரிக்கை அன்று. 2024 நவம்பரில், விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கப்படும் சின்ன உடைப்பு என்ற ஊரின் மக்கள் மாற்றிடம் கேட்டுப் போராடியதை நீங்கள் அறிவீர்கள். முந்தைய நில எடுப்புகள் எப்படி நடந்தன என்ற முழுக்கணக்கு அதிகாரிகளின் மேசையிலும் ஊர்ப் பொதுச்சாவடியிலும் ஒன்றுபோல இருந்தால், இருதரப்பும் ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு பேசலாம். நிலையத்துக்கு யார் பெயரைச் சூட்டுவது என்ற வாதத்துக்கு நம் ஊரில் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்குக் கிடைத்திருந்தால் இம்மடலுக்கே தேவை இருந்திருக்காது.

தொகுப்பில் ஒரு துயரமும் இடம்பெற வேண்டும். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரையை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், சின்னமனூரை ஒட்டிய மேகமலைப் பகுதியில் மோதி 21 பேர் இறந்தனர். மேற்கிலிருந்து வரும் விமானங்கள் மலைத்தொடரைத் தாண்டியே மதுரைக்கு இறங்க வேண்டியிருப்பதன் ஆபத்தை உணர்த்திய விபத்து அது. இறந்தோரின் பெயர்களை முனையத்தில் ஒரு கல்வெட்டாக வைக்கலாம்.

இந்திய விமான நிலைய ஆணையத்தின் கோப்புகளையும் மாவட்ட வருவாய்ப் பதிவேடுகளையும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு குழுவை, விரிவாக்கத்துக்காக முதல் மண் வெட்டப்படும் முன்பே அமைக்க வேண்டுகிறேன். குழு தொகுப்பதைத் தமிழில் அச்சிட்டு, நிலம் கொடுத்த ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படி அனுப்பிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மதுரைக்காரர் ஒருவர்