சேர்ந்து போவதும் சேர்ந்தே நடப்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்பெயினின் சான்டியாகோ நகரத் தேவாலயத்துக்கு நடந்தே போகும் பாதயாத்திரை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாதையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நண்பர்களோடு போகிறவர்கள் கடைசிவரை ஒன்றாகவே நடக்க வேண்டும், யாரையும் பின்னே விடக்கூடாது என்ற அறிவுரையைத்தான் ஏற்க முடியவில்லை. அதை அப்படியே கடைப்பிடித்து மூன்றே நாளில் மூன்று தோழிகளையும் இழக்க இருந்தவள் நான்.

நாங்கள் நான்கு பேர், பள்ளிக் காலத்துச் சிநேகிதம், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிரான்ஸ் எல்லையோரம் சென் ழான் பியே தெ போரில் தொடங்கி, பிரெனீஸ் மலையைக் கடந்து, வட ஸ்பெயின் வழியாக ஏறக்குறைய 780 கிலோமீட்டர். முதல் நாள் ஏற்றத்தை உற்சாகமே தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் நாள், சுபிரிக்கு இறங்கும் பாறைச் சரிவில் ஒருத்திக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

பிறகுதான் கூத்து. எட்டி நடப்பவள் நூறு அடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கூசி, முழங்கால்காரி வலியை விழுங்கிக்கொண்டு விரைந்தாள். நடுவில் மாட்டிய எனக்கு, என் நடையை விட்டு ஊர்ந்ததில் குதிகாலில் கொப்புளம். மெதுவாக நடந்தாலும் கொப்புளம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் பம்ப்லோனாவை அடைந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை. சண்டை எதற்கு என்கிறீர்கள்? விடியுமுன், யாத்திரிகர்கள் பலர் ஒரே அறையில் படுக்கும் தங்குமிடத்தில் விளக்கைப் போட்டது யார் என்பதற்கு!

அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்தோம். மாலையில் எந்த ஊரில் தங்குவது என்பது மட்டும் பொது. செலவுக்கு ஒரே பணப்பை. மற்றபடி அவரவர் கால், அவரவர் நேரம். வழி தவறிவிடுவோமோ என்ற பயத்துக்கும் அங்கே இடமில்லை. ஒ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா 1980-களில் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி வரையத் தொடங்கிய மஞ்சள் அம்புக்குறிகள் இன்று சுவரில், மரத்தில், கல்லில் எல்லாம் இருக்கின்றன.

கரியோன் ஊரைத் தாண்டியதும் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. மரநிழலும் அரிது, நேர்கோடாக ஒரு மண்பாதை, இருபுறமும் வயல். அதை நான் தனியாகத்தான் நடந்தேன். முன்னே வெகு தூரத்தில் தோழியின் சிவப்புத் தொப்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. இறந்துபோன என் அண்ணனை அன்றைக்குத்தான் முழுதாக நினைத்து அழுதேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டித் தேற்றியிருப்பார்கள்.

பகல் முழுக்க ஒட்டிக்கொண்டு நடந்த நாட்களில் எங்களுக்கு மாலையில் பேசவே ஒன்றும் இருந்ததில்லை. பிரிந்து நடக்கத் தொடங்கிய பிறகோ, இரவு 10 மணிக்கு விளக்கணைத்த பின்னும் கிசுகிசுத்து அடுத்த கட்டில்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இன்னொன்று. பாதி வழியில் பஸ் ஏறுகிறவர்கள் யாத்திரிகர்களே அல்லர் என்கிறார் கட்டுரையாளர். எங்கள் முழங்கால்காரி பூர்கோஸிலிருந்து லெயோன்வரை பஸ்ஸில்தான் போனாள். சான்டியாகோவில் தரும் சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும். அதற்காகவே பெருங்கூட்டம், அந்தத் தூரத்துக்குச் சற்று அப்பால் உள்ள சாரியா ஊரில் தொடங்குகிறது. தேவாலயமே வைக்காத விதியை நாம் ஏன் வைக்க வேண்டும்? அந்தச் சில நாள் ஓய்வு இல்லையென்றால் அவள் அப்போதே வீடு திரும்பியிருப்பாள்.

கடைசி நாள் மட்டும் காத்திருப்பது என்று, யாரும் சொல்லாமலே, எங்களுக்குள் ஆகிவிட்டது. தேவாலயத்துக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் முன்னால் மோன்டே தோ கோசோ, அதாவது மகிழ்ச்சிக் குன்று. அந்தக் காலத்து யாத்திரிகர்கள் கோபுரத்தை முதன்முதலில் கண்டு மகிழ்ந்த இடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே மூவரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முழங்கால்காரி கோலை ஊன்றிக்கொண்டு நிதானமாக ஏறி வந்தாள். எங்களைப் பார்த்ததும், "எதற்கடி உட்கார்ந்திருக்கிறீர்கள், போகவேண்டியதுதானே?" என்று அதட்டினாள்.

அன்புடன்,
ஒரு வாசகி