பினாங்கில் ஒரு ஆயா

உ
சிவமயம்

பினாங்கு

அன்புள்ள ஆயாவுக்கு,

பேத்தி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் ஐயாவும் ஆத்தா, அப்பச்சியும் நலமாயிருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று ஆத்தா சொன்னது. அதனால் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமரப் படியுங்கள்.

வேலை பாயான் லெப்பாஸில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலையில். வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. கவுனி அரிசியைத் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி இங்கே தெருக்கடையிலேயே விற்கிறார்கள்.

சொல்ல வந்தது பக்கத்து வீட்டைப் பற்றி. மலாய்க் குடும்பம், ஒரே பெண் குழந்தை. சாயங்காலம் கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் "ஆயாஹ்! ஆயாஹ்!" என்று கத்திக்கொண்டு அந்தப் பிள்ளை வாசலுக்கு ஓடும். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கையிலிருக்கும் காகிதப் பையைப் பிடுங்கிக்கொள்ளும். பையெல்லாம் எண்ணெய் ஊறியிருக்கும், உள்ளே சூடாக வாழைப்பழ பஜ்ஜி. மலாயில் அப்பாவுக்குத்தான், நம் அப்பச்சிக்குத்தான், ஆயா! முதல் எழுத்தைக் குறுக்கி, கடைசியில் மூச்சை விட்டுச் சொல்கிறார்கள். ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு, நம் வீட்டுப் பட்டாலையில் நின்று உங்களை நானே கூப்பிடுவதுபோல் இருக்கும். அந்த நேரத்துக்கு எந்த வேலை இருந்தாலும் கை நின்றுவிடும், ஆயா.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் அம்மா என்றால் ஆத்தா, ஆத்தாவைப் பெற்றவர்கள் ஐயாவும் ஆயாவும். பழைய தமிழில் ஆய் என்றாலே தாய்தான். சென்னைக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு ஆயா என்று பேர். கல்லூரியில் "லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போகிறேன்" என்றால் கூடப் படித்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்குக் கோபமாக வரும்.

அந்த ஆயா வந்த வழியே வேறு. போர்ச்சுகீசியர் தங்கள் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணை 'ஆயா' என்றார்கள். அவர்களிடமிருந்து அது இந்தியா முழுக்கப் பரவி, வெள்ளைக்காரர் வீடுகளிலும் புகுந்தது. அந்த வீடுகளில் வேலை பார்த்த நம் நாட்டுப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலில் லண்டன் வரை போனார்கள். போன இடத்தில் வேலை முடிந்ததென்று கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்கள் தங்குவதற்காக லண்டனில் ஹாக்னி பகுதியில் ஆயாக்களுக்கென்றே ஒரு விடுதி இருந்தது. அந்தக் கட்டிடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது. இன்னொன்று கேளுங்கள்: போர்ச்சுகீசியர் சொன்ன அந்த ஆயா, லத்தீனில் 'அவியா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவியா என்றால் பாட்டி!

எங்கள் பிரிவில் நைஜீரியாக்காரர் ஒருவர் இருக்கிறார், தாய்மொழி யோருபா. அவருடைய மொழியில் 'அயா' என்றால் மனைவி. அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னால் நெஞ்சு. இந்தியில் 'ஆயா' என்றால் வந்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே தமிழர் கூடும் இடங்களில் இதைச் சொன்னால், "பார்த்தாயா, எல்லாம் தமிழிலிருந்து போனதுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நம் நகரத்தாரில் ஒருவரைப் பங்காளி என்று சொல்வதற்கு முன் நம் ஒன்பது குலக் கோயிலில் எந்தக் கோயில் என்று விசாரிக்காமல் விடுவோமா? சொல்லுக்கும் அந்த விசாரணை வேண்டும். மலாயில் கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', கட்டிலுக்குக் 'காத்தில்'. இவையெல்லாம் தமிழிலிருந்து போனவை. ஒலியும் பொருளும் ஒத்துப்போகின்றன, கொண்டுபோன வியாபாரிகளும் இருந்திருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையை இங்கே 'மாமாக்' கடை என்கிறார்கள், அதுவும் நம் மாமாதான். ஆனால் ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பச்சி, அம்மாவுக்கு 'தேதா'. அங்கே எந்தத் தமிழன் போய்ச் சொல்லிக்கொடுத்தான்?

ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் அறிஞர் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். வாயில் பால் இருக்கும்போதே குழந்தையால் மூக்கு வழியாக 'ம்ம்' என்று முனக முடியும். உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் 'மா', 'பா' தானாக வரும். குழந்தை யாரையும் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்தான் "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் இந்தச் சொற்கள் ஒன்றுபோல் இருக்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. யாருடைய மொழி பெரிது என்ற சண்டைக்கே இதில் இடமில்லை.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே கிண்ணத்துக்கு 'மங்கோக்' என்கிறார்கள். நம் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கும் மங்குச் சாமான்களுக்கும் இதற்கும் உறவு இருக்கிறதென்றே நினைக்கிறேன். ஐயாவின் அப்பச்சி பினாங்கில் நம்மவர் கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாக இருந்தவராயிற்றே, அந்தக் கிண்ணங்கள் அவர் கொண்டுவந்தவையா? வீட்டில் அவர் வேறு என்னென்ன மலாய்ச் சொற்கள் பேசினார்? ஐயாவுக்கு ஞாபகம் வருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லி, தம்பியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கிண்ணங்களைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையையும் எடுக்கச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு நடப்பேன். சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி