ஓமா முனையிலிருந்து அப்பா

மக்களே,

நேற்று ராத்திரி போனில் எல்லாம் சொல்ல முடியவில்லை, அம்மா நடுவில் புகுந்து குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ஆற அமர வாசி.

உன் தம்பிக்கு நாலு நாள் லீவ் கிடைத்தது. எங்கே போகலாம் என்று கேட்டான். கோயில், தோட்டம் எல்லாம் இருக்கட்டும், மீன்காரன் ஊர் ஒன்றைக் காட்டு என்றேன். அவன் கூட்டிப் போனது ஓமா. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கு நுனி. அவன் இருக்கும் சென்டாயிலிருந்து புல்லட் ரயிலில் ஹச்சினோஹே, அங்கிருந்து நோஹெஜி, அப்புறம் முட்சு விரிகுடாவை ஒட்டியே போகிற ஒரு சின்ன ரயில். ஷிமோகிட்டா என்ற ஸ்டேஷனில் இறங்கினோம், அந்தத் தீவில் அதற்கு வடக்கே வேறு ஸ்டேஷன் கிடையாது. பிறகு பஸ், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே. வழி முழுக்க ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், இடையில் பத்திருபது வீடுகளாக மீன்பிடிக் குப்பங்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் வலையும் மிதவையும் அடுக்கி வைத்திருந்தது எனக்கு நம் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

முனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘ஹொன்ஷுவின் வடக்கு எல்லை’ என்று எழுதிய ஒரு கல், பெரிய சூரை மீன் சிலை ஒன்று, நாலைந்து சாப்பாட்டுக் கடைகள், கணவாய் சுட்டு விற்கும் ஒரு பாட்டி. எதிரே சின்னத் தீவில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். அதற்கும் அப்பால் ஹொக்கைடோ மலைகள் தெரிகின்றன. 17.5 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளிதான் ட்சுகாரு நீரிணை. காற்று காதைக் கிள்ளுகிறது, அம்மா இரண்டு சால்வை சுற்றிக்கொண்டும் நடுங்கினாள். நான் மட்டும் நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜப்பான் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்த இடுக்கு வழியாகப் பசிபிக் பக்கம் பாய்கிறது. கணவாயும் சின்ன மீனும் அதோடு போகும், அவற்றை விரட்டிக்கொண்டு சூரை வரும். நீலத்துடுப்புச் சூரை, இங்கே ‘மகுரோ’ என்கிறார்கள். நம் கடலில் பிடிக்கிற சூரையான கேரையெல்லாம் அதன் பக்கத்தில் குட்டி. இங்கே 440 கிலோ மீன் பிடிபட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்.

மத்தியானம் துறைமுகத்துக்குப் போனோம். அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஒரு சின்னப் போட் வந்தது. அதில் இரண்டே பேர், அப்பாவும் மகனும். வலை கிடையாது. ஒரே கயிறு, ஒரே தூண்டில், அதில் உயிரோடு ஒரு இரை. மீன் கடித்ததும் கயிற்றை இழுத்து இழுத்து, போட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கயிறு வழியாக ஒரு வளையத்தை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், மீன் அப்படியே அசைவற்று விடுகிறது. எதற்கு என்று கேட்டேன், உன் தம்பிதான் மொழிபெயர்த்தான். சூரை சூட்டு உடம்பு மீன். ரொம்ப நேரம் துடித்தால் உள்ளே சூடேறி, சதை வெளுத்து, புளித்துப் போய்விடும். அதற்கு இங்கே ‘யாகே’ என்று பெயர், வெந்துபோனது என்று அர்த்தமாம். மக்களே, அந்த வெளுத்த சதையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! மீனே அப்படித்தான் என்றுதான் கடலுக்குப் போன பதினொரு வருஷமும் நினைத்திருந்தேன்.

தூக்கிக் கரையில் வைத்த மீன் நூற்றுப் பதினெட்டு கிலோ. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். முதுகு கருநீலம், வயிற்றில் முத்துச் சிப்பி மாதிரி ஒரு மினுக்கம், கண் இன்னும் கலங்கவில்லை. பக்கத் துடுப்புக்குப் பின்னால் விரல் அகலத்தில் ஒரு வெட்டு, வால் பக்கம் இன்னொன்று. கடலிலேயே இரத்தத்தை முழுக்க வடித்துவிட்டார்கள். செவுளும் குடலும் எடுத்த இடத்தில், அந்தப் பெரியவர் வயிற்றுக்குள் கையை முழங்கை வரை விட்டு ஐஸை அடைக்கிறார், ஒரு மூலை விடாமல், குழந்தைக்குத் தலைகாணி வைக்கிற மாதிரி பதமாக. அவர் உள்ளங்கையைக் கேட்டுப் பார்த்தேன். ஆள்காட்டி விரலுக்குக் கீழே கயிறு அறுத்த தழும்பு. உன் பாட்டா கையில் அதே இடத்தில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என் கையையும் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

விலையைப் பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் புத்தாண்டுக் கூத்து. 2019 ஜனவரியில் டோக்கியோ டோயோசு சந்தையின் முதல் ஏலத்தில் ஓமாவில் பிடித்த 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது, கிலோ 12 லட்சம். அது வருஷத்தில் ஒரு நாள் கௌரவத்துக்காகக் கொடுக்கிற விலை. மற்ற நாளில் அப்படிக் கிடைக்காது. பத்து நாள் கடலுக்குப் போய் வெறுங்கையோடு வந்ததும் உண்டு என்று அந்த மகன் சொன்னான். எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. 2015-லிருந்து 30 கிலோவுக்குக் குறைந்த மீனைப் பிடிப்பதை, 2002 முதல் 2004 வரை பிடித்த சராசரியில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் கஷ்டப்பட்டார்களாம், இப்போது மீன் பெருகி, 2025-ல் பெரிய மீனுக்கான அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டை எழுதாவிட்டால் அம்மா கோபிப்பாள். சோற்றின் மேல் பச்சை மீன், மூன்று வகை: முதுகுப் பக்கச் சிவப்புச் சதை, கொஞ்சம் கொழுப்புள்ளது, வயிற்றுக் கொழுப்பு. பச்சை மீனா என்று முகத்தைச் சுளித்த உன் அம்மா, சிவப்புத் துண்டு ஒன்றை வாயில் வைத்துவிட்டு, “நாத்தமே இல்லையே!” என்றாள். அப்புறம் என் கிண்ணத்திலிருந்தும் எடுத்தாள். வயிற்றுத் துண்டு நாக்கில் வெண்ணெய் மாதிரி கரைகிறது, ஆனால் எனக்குப் பிடித்தது சிவப்புதான். அதில்தான் மீனின் ருசி இருக்கிறது, லேசாக இரும்பு வாசனையோடு. குடம்புளி போட்ட நம் மீன்கறிக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், அது வேறு, இது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரையில் நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, நம் தூத்தூர் போட்டுக்காரர்களிடம் கேரை வாங்கி, கடலிலேயே இரத்தம் வடித்து ஐஸில் வைக்கச் சொல்லிக்கொடுத்து, நல்ல விலைக்கு விற்கப் போகிறேன் என்று சொன்னாய். நான் கத்தினேன். மீன் நாற்றம் என்னோடு போகட்டும், உன்னை இதற்காகவா படிக்க வைத்தேன் என்றேன். நீ அழுதுகொண்டே போனை வைத்தாய், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் பேசியது தப்பு, மக்களே. இருபது இருபத்தைந்து நாள் கடலில் கிடந்து, கடைசி நாள் மீனும் முதல் நாள் மீனும் ஒன்றாகக் குவிந்து, கொச்சியில் இறக்கும்போது வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தவன் நான். அந்த ஆத்திரத்தை உன் மேல் கொட்டிவிட்டேன். நீ சொன்னதைத்தான் அந்தப் பெரியவர் என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தார்.

அதற்காக நாளைக்கே ராஜினாமா எழுதாதே. நம் போட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில், இங்கே மாதிரி ஒவ்வொரு மீனையும் கொஞ்ச முடியாது. கடைசி ஐந்து நாளில் பிடிப்பதை மட்டும் தனியாக வடித்து, தனிப் பெட்டியில் வைத்தால் முடியும் என்று படுகிறது. உன் மாமா மகன் போட்டில் ஒரு தடவை செய்து பார்ப்போம். நஷ்டம் வந்தால் அந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் 28-ஆம் தேதி ஊருக்கு வருகிறோம். நீ ஒரு வாரம் லீவ் போட்டு வா, இரண்டு பேருமாகக் கொச்சிக்குப் போய் நிற்போம்.

அதற்குள் நம் துறையில் ஐஸ் ஒரு பார் இப்போது என்ன விலை, பொடித்துத் தர எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து வை.

அப்பா