பானுவுக்கு, அவள் மகன் கார்த்தியைப் பற்றி

அன்புள்ள பானு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் போன் பண்ணத்தான் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் உன் மாமனார் இருப்பார், நீ "ம், ம்" என்பாய். அதனால் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மூலை முடுக்கில் இருக்கும் ஒட்டடையெல்லாம் தெரிகிறது, எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

"ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில இருக்கறது என் மூஞ்சின்னு தெரியுது. ஆனா என்னோடதுன்னு தோணலை" என்று கார்த்தி சொன்னானாமே. பயப்படாதேடி. கவுன்சிலிங் அறையில் இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒரு பெண் தன் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "வலிக்குது மேடம். யாருக்கு வலிக்குதுன்னுதான் புரியலை."

டாக்டர்கள் இதை டிபர்சனலைசேஷன் என்பார்கள். ஜெனீவாவில் ஆமியேல் என்ற பேராசிரியர் 1880-ல் தன் நாட்குறிப்பில் இதையே எழுதினார்: கல்லறைக்கு அப்பாலிருந்து வாழ்க்கையைப் பார்ப்பது போலிருக்கிறது, எல்லாம் அந்நியமாகத் தெரிகிறது, இது பைத்தியமா என்று. கார்த்தி உன்னிடம் கேட்டதும் அதுதானே? பைத்தியம் இல்லை. கண்ணாடியில் இருப்பது தான்தான் என்பது அவனுக்குத் தெரிகிறது. ஒட்டாத உணர்வுதான் அவனை வதைக்கிறது. அந்தத் தெளிவு கலையாதவரை இது வேறு, பைத்தியம் வேறு. நூற்றில் ஒருவருக்காவது இது நோயாகவே நீடிக்கிறது, பெரும்பாலும் பதின்வயதில்தான் தொடங்கும். தூக்கமில்லாமலோ பெரும் பயத்திலோ சில நிமிஷம் இப்படி வந்து போவது இன்னும் எத்தனையோ பேருக்கு உண்டு.

உன் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். "ரமணருக்கும் பதினாறு வயசுலதான் வந்தது, பையனைத் தொந்தரவு பண்ணாதே" என்கிறாராம். பெரியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை நான் ஏற்கமாட்டேன். 1896-ல் மதுரையில் அந்தப் பையனுக்கு மரண பயம் வந்தது, பிணம் மாதிரிப் படுத்து, சாவது எது என்று தனக்குள்ளேயே விசாரித்துப் பார்த்தான், பயம் விட்டுப்போயிற்று. கார்த்திக்குப் பயம் நாளுக்கு நாள் ஏறுகிறது. அங்கே "நான்" கரைந்தது என்கிறார்கள். இங்கே "நான்" கரையவே இல்லை பானு, இருபத்திநாலு மணி நேரமும் தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருக்கிறது. சாப்பிடும்போது சாப்பிடுகிறவனைப் பார்க்கிறது, சிரிக்கும்போது சிரிப்பது நிஜமா என்று சோதிக்கிறது. இதை ஞானம் என்று தட்டிக்கொடுத்தால் பிள்ளை இன்னும் உள்ளேதான் போவான்.

2001-ல் லண்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு அருவருப்பான படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் பண்ணினார்கள். அருவருப்பை உணரும் பகுதி மற்றவர்களுக்கு விழித்துக்கொள்கிற அளவு விழிக்கவில்லை. உணர்ச்சியை அடக்கும் முன்மூளைப் பகுதியோ கூடுதலாக வேலை செய்தது. பதற்றம் தாங்க முடியாமல் போகும்போது மூளை தானே ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள். பதற்றத்தோடு பாசம், பசி, அம்மா முகம் எல்லாமே மங்கிப்போகிறது. உன்னைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்று அவன் சொன்னது இதனால்தான். அதை மனசில் வைத்துக்கொண்டு அழாதே.

மனநல மருத்துவரிடம் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. வலிப்பு, ஒற்றைத் தலைவலி போன்றவற்றிலும் இப்படி வரலாம், அதையெல்லாம் அவர் பார்க்கவேண்டும். கஞ்சாவிலும் இது ஆரம்பிப்பதுண்டு. ஹாஸ்டல் பிள்ளை, கேட்டுவிடு. ஆனால் உன் வீட்டுக்காரர் எதிரில் கேட்காதே, வாயே திறக்கமாட்டான். இதற்கென்றே தனி மாத்திரை இன்னும் வரவில்லை. கூட இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. தன்னையே சோதித்துக்கொண்டிருக்கிற பழக்கத்தைக் குறைக்கச் சொல்லித்தரும் பேச்சு சிகிச்சைதான் முக்கியம். கண்ணாடிமுன் நிற்பதைக் குறைத்து, நேரத்துக்குத் தூங்கி, மாலையில் கிரவுண்டுக்குப் போனாலே கொஞ்சம் இறங்கும். ராத்திரி பயந்தானானால் 14416, டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண்; தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

விபூதி போட்டதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். அதோடு நின்றுவிடாதே, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு மதுரை வருகிறாயே, அவனையும் அழைத்து வா. டாக்டர் எழுதிய சீட்டையும் எடுத்து வை. அம்மா உன் கையால் போட்ட மாவடு கேட்கிறாள்.

அன்புடன்,
கலா